பழைய பிட்எக்ஸ் 40: பவரை ஏற்றுவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலைகள்

கேள்வி: கைமாறி வந்த பிட்எக்ஸ் 40, அதாவது 7 மெகாஹெர்ட்ஸில் பேசவும் கேட்கவும் உதவும் ஹாம் (அமெச்சூர்) ரேடியோ ரிக் ஒன்று இருக்கிறது. ஏழு வாட் வர வேண்டிய இடத்தில் இரண்டு வாட்தான் வருகிறது. ஸ்பீக்கரில் ‘கிர்’ என்ற இரைச்சல் ஓயவில்லை. பக்கத்து ஊர் நிலையம் பேசினால் காது வலிக்கிறது. பவர் ஆம்ப்ளிஃபயருக்கு 24 வோல்ட் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா? வீட்டிலேயே என்னென்ன செய்யலாம்?

24 வோல்ட் கொடுப்பது கடைசி வேலை. அதைச் செய்யாமலேயே விட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. கணக்கைப் பாருங்கள். ஏழு வாட்டை இருபது வாட்டாக உயர்த்தினால் கிடைப்பது சுமார் 4.6 டெசிபெல். எதிர்முனையில் உள்ளவரின் எஸ் மீட்டரில் (சிக்னலின் பலத்தைக் காட்டும் மீட்டர்) ஒரு எஸ் அலகு என்பது 6 டெசிபெல். அதாவது இவ்வளவு சூட்டையும் ஆபத்தையும் ஏற்றுக்கொண்டு நீங்கள் பெறுவது முக்கால் எஸ் அலகு. அதே நேரத்தைப் பவர் சப்ளை, பயஸ் (சிக்னல் இல்லாதபோதும் பவர் டிரான்சிஸ்டரில் ஓட விடும் சிறு கரண்ட்), ஆன்டெனா, கேட்கும் பகுதி ஆகியவற்றில் செலவிட்டால் ரிக்கின் குணமே மாறும்.

பிட்எக்ஸ் 40 ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் (ஹாம் அழைப்புக்குறி வியூ2ஈஎஸ்ஈ) வடிவமைத்தது. 2016-இல் தயார்நிலை போர்டாக வந்தது. அதற்கு முன் அவர் வெளியிட்ட பிட்எக்ஸ் 20 வடிவமைப்பில், டொராய்டு (வளைய) கோர் கிடைக்காதவர்கள் தண்ணீர்க்குழாய் வாஷர்மேல் காயில் சுற்றிக்கொள்ளலாம் என்றே வைத்திருந்தார். நம்மூர்க் கடையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு ஓட வேண்டும் என்ற அந்த எண்ணம்தான் இந்த போர்டைப் பழுதுபார்க்க இவ்வளவு வசதியாக்குகிறது. மறைவான ஐசி எதுவும் இல்லை. 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஃபில்டர், தனித்தனி டிரான்சிஸ்டர்கள், ஆடியோவுக்கு எல்எம் 386, கடைசியில் பவர் ஆம்ப்ளிஃபயராக ஐஆர்எஃப் 510 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர். அலைவரிசையைத் தருவது ராடுயினோ: ஆர்டுயினோ நானோவும் எஸ்ஐ 5351-உம் சேர்ந்த சிறு போர்டு. 7.1 மெகாஹெர்ட்ஸைக் கேட்க அது 4.9 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஆஸிலேட்டர் சிக்னலை அனுப்புகிறது.

முதலில் ஒரு டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை விழுங்கும் ரெசிஸ்டர்) செய்துகொள்ளுங்கள். அது இல்லாமல் பிடிடியை (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுத்தவே வேண்டாம். 1 கிலோஓம், 2 வாட் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர்கள் இருபதை இணையாகப் பற்றவைத்தால் 50 ஓம், 40 வாட். இரண்டு செம்புத் தகடுகளுக்கு நடுவே கால்களைக் குட்டையாக வைத்துப் பற்றவையுங்கள். பீங்கானில் கம்பி சுற்றிய வகை ரெசிஸ்டரைப் போடாதீர்கள். அது காயிலும்கூட என்பதால் 7 மெகாஹெர்ட்ஸில் 50 ஓமாக நடந்துகொள்ளாது.

அதே லோடின்மேல் ஒரு 1என்4148 டையோடும் 0.01 மைக்ரோஃபாரட் சிரமிக் கெபாசிட்டரும் வைத்தால் பவர் மீட்டர் தயார். டையோடு வழியாக கெபாசிட்டர் உச்ச வோல்டேஜுக்குச் சார்ஜ் ஆகும். அதை மல்டிமீட்டரில் டிசியாக அளந்து, டையோடு விழுங்கும் 0.6 வோல்ட்டைக் கூட்டி, வர்க்கப்படுத்தி நூறால் வகுத்தால் வாட். 26 வோல்ட் வந்தால் ஏழு வாட். 14 வோல்ட்தான் வந்தால் இரண்டு வாட். இந்த டையோடின் தலைகீழ் வோல்டேஜ் வரம்பு 75 வோல்ட். அதன்மேல் விழுவது உச்சத்தின் இரு மடங்கு. ஆகவே பத்து வாட்வரை ஒன்று போதும். அதற்கு மேல் அளக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டைத் தொடராக வையுங்கள், அப்போது கூட்ட வேண்டியது 1.2 வோல்ட்.

இந்த ரிக் பேசும் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் பவர் பேச்சோடு நிற்காமல் ஏறி இறங்கும். அதனால் அளக்கும்போது மைக்கில் ஒரே சீராக விசில் அடியுங்கள். ஐந்து விநாடி போதும், பத்து விநாடி ஓய்வு கொடுங்கள்.

இப்போது இரண்டு வாட் பிரச்சினை. ஐஆர்எஃப் 510 போய்விட்டது என்று உடனே அதைக் கழற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. பவர் குறைந்து வருகிற ரிக்கில் ஐஆர்எஃப் 510 பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். அது செத்தால் ஃப்யூஸ் போகும் அல்லது பவர் சுத்தமாக இருக்காது. குறைந்த பவருக்கு மூன்று இடங்களைப் பாருங்கள்.

விசில் அடிக்கும்போது போர்டின் கனெக்டர் முனையிலேயே சப்ளை வோல்டேஜை அளங்கள். பேட்டரி முனையில் 12.6 இருந்து போர்டில் 11.5 ஆக விழுந்தால் குறை வயரிலோ, ஃப்யூஸ் ஹோல்டரிலோ, சுவிட்சிலோ இருக்கிறது. பவர் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் ஒரு வோல்ட் சரிவுகூட ஆறில் ஒரு பங்கு பவரைத் தின்றுவிடும். போர்டுடன் வரும் மெல்லிய வயரை ராடுயினோவுக்கு வைத்துக்கொண்டு, பவர் ஆம்ப்ளிஃபயருக்குத் தடித்த வயர் தனியாக இழுங்கள். தரைக்கும் அதே தடிமன் வேண்டும். பாசிட்டிவை மட்டும் மாற்றி நெகடிவை மறப்பவர்கள் அதிகம்.

இரண்டாவது பயஸ். பிட்எக்ஸ் 40-இல் பவர் ஆம்ப்ளிஃபயருக்குத் தனி சப்ளை கனெக்டர் இருப்பதால் இதை அளப்பது சுலபம். மைக்கைக் கழற்றுங்கள், டம்மி லோடு மாட்டுங்கள். பவர் ஆம்ப்ளிஃபயர் வயரில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் தொடராக வையுங்கள். மில்லிஆம்பியர் துளையில் வைத்தால், மைக்கைக் கழற்ற மறந்து ஒரு சத்தம் அதன் வழியாகப் போனாலே மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். மீட்டர் வயரே ஆன்டெனாவாகி ஆர்எஃப்பை (ரேடியோ அலைவரிசை சிக்னலை) எடுத்துவரும் என்பதால் போர்டு முனையில் 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றைத் தரைக்கு வையுங்கள். ப்ரீசெட்டை (பயஸைத் திருகி மாற்றும் சிறு ரெசிஸ்டர்) குறைந்தபட்சத்தில் வைத்துத் தொடங்க வேண்டும். எந்தப் பக்கம் குறைந்தபட்சம் என்பதை அம்புக்குறியை நம்பித் தீர்மானிக்காமல், பிடிடி அழுத்திய நிலையில் ஐஆர்எஃப் 510-இன் கேட் (கரண்டைக் கட்டுப்படுத்தும் கால்) வோல்டேஜை அளந்து உறுதிசெய்யுங்கள். அது பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். பிறகு மெல்ல ஏற்றினால் கேட்டில் இரண்டிலிருந்து நான்கு வோல்ட்டுக்குள் ஓரிடத்தில் கரண்ட் திடீரென்று ஏறத் தொடங்கும். 100 மில்லிஆம்பியரில் நிறுத்துங்கள்.

சூடாகச் சூடாக இந்த எண் தானாக ஏறும், ஏனென்றால் மாஸ்ஃபெட்டின் திறப்பு வோல்டேஜ் வெப்பத்தில் இறங்கும். அதனால் இரண்டு நிமிடம் விட்டு விட்டு விசில் அடித்து ஹீட்சிங்க் வெதுவெதுப்பான பிறகு மறுபடி அளந்து 100-க்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த நிலையில் சரிபார்த்துவிட்டுப் பெட்டியை மூடினால், நீண்ட ரவுண்டு பேசும்போது கரண்ட் ஏறி, சூடு ஏறி, அதனால் மேலும் கரண்ட் ஏறி ஒருநாள் போய்விடும். ப்ரீசெட் குறைந்தபட்சத்தில் இருக்கும்போதே கரண்ட் ஓடினால் மாஸ்ஃபெட் கசிகிறது, மாற்ற வேண்டியதுதான். ப்ரீசெட்டைத் தொடாமலேயே கரண்ட் குதித்தால் அது ஆஸிலேஷன், அதாவது ஆம்ப்ளிஃபயர் தானாகவே சிக்னல் உண்டாக்குகிறது. அவுட்புட் கோஆக்ஸ் முன்பக்க ஸ்டேஜ்களுக்கு மேலாகப் போகிறதா என்று பாருங்கள், போர்டின் விளிம்பு வழியாகத் திருப்பிவிடுங்கள்.

மூன்றாவது டிரைவர், அதாவது ஐஆர்எஃப் 510-க்கு சிக்னலை ஊட்டும் ஸ்டேஜ். மேலே சொன்ன டையோடு, கெபாசிட்டர் ஜோடியையே ஒரு பேனா உறைக்குள் வைத்தால் ஆர்எஃப் ப்ரோப். டையோடுக்கு முன்னால் 0.01 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெபாசிட்டர் ஒன்றும், டையோடின் உள்ளீட்டு முனையிலிருந்து தரைக்கு 100 கிலோஓம் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டிசியும் சேர்ந்து குழப்பும். விசில் அடித்தபடி ஒவ்வொரு ஸ்டேஜின் பேஸ், கலெக்டர் என்று முன்னேறினால் எங்கே வோல்டேஜ் வளராமல் நிற்கிறதோ அங்கே குறை. கேட்டில் பல வோல்ட் ஆர்எஃப் இருந்தும் அவுட்புட் இல்லை என்றால்தான் ஐஆர்எஃப் 510-ஐச் சந்தேகிக்க வேண்டும்.

அதை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. மல்டிமீட்டரின் டையோடு நிலையில் சோர்சிலிருந்து டிரெய்னுக்கு ஒருபக்கம் மட்டும் சுமார் அரை வோல்ட் காட்ட வேண்டும். கேட்டிலிருந்து வேறெந்தக் காலுக்கும் எதுவும் காட்டக் கூடாது. கேட்டும் டிரெய்னும் ஒட்டிக்கொள்வது இதன் வழக்கமான மரணம். அப்படியானால் சப்ளை முழுவதும் பயஸ் சுற்றுக்குள் பாய்ந்திருக்கும். ப்ரீசெட்டையும் அதற்கு ஊட்டும் பாகங்களையும் சோதிக்காமல் புதியதை வைத்தால் அதுவும் உடனே போகும். பழையதின் மூன்று கால்களையும் முதலில் வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி எடுங்கள். மொத்தமாக இழுத்தால் துளையின் உள்பூச்சு கிழிந்துவரும்.

ஐஆர்எஃப் 510-இன் முதுகுத் தகடு டிரெய்னுடன் இணைந்தது, அதாவது அதில் சப்ளை வோல்டேஜ் இருக்கும். மைக்கா அல்லது சிலிகோன் தாள், ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ் இரண்டும் கட்டாயம். மின்சாரம் கொடுப்பதற்கு முன் தகட்டுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் பெயர் மாற்றி அச்சடித்த மாஸ்ஃபெட் வர வாய்ப்புண்டு. கெபாசிட்டன்ஸ் மீட்டர் இருந்தால் கேட்டுக்கும் சோர்சுக்கும் இடையே அளங்கள். உண்மையான ஐஆர்எஃப் 510-இன் உள்ளீட்டுக் கெபாசிட்டன்ஸ் 180 பிகோஃபாரட் என்று தரவுத்தாளில் இருக்கும். மீட்டரில் சில நூறு வரலாம். ஆயிரத்தைத் தாண்டினால் அது வேறு சரக்கு. ‘ஐஆர்எஃப் 540 இன்னும் பலமானது’ என்ற யோசனையையும் இதே எண்தான் தோற்கடிக்கிறது. அதன் உள்ளீட்டுக் கெபாசிட்டன்ஸ் 1700 பிகோஃபாரட்டை ஒட்டியது, கிட்டத்தட்ட பத்து மடங்கு. டிரைவரின் சக்தியெல்லாம் அதைச் சார்ஜ் செய்வதிலேயே போய்விடும், அவுட்புட் குறையும்.

அடுத்தது இரைச்சல். ஆன்டெனாவைக் கழற்றுங்கள். கிர்ரென்ற சத்தம் அப்படியே இருந்தால் அது உள்ளிருந்து வருகிறது. போய்விட்டால் வெளியிலிருந்து வருகிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் போர்டில் கெபாசிட்டர் சேர்த்துக்கொண்டே போவதில் பயனில்லை.

உள்ளிருந்து வரும் இரைச்சலில் முதல் சந்தேகம் ஸ்விட்ச் மோடு அடாப்டர். 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் யுபிஎஸ் பேட்டரி ஒன்றை மாட்டிப் பாருங்கள். இந்த ரிக்குக்கு இதைவிட அமைதியான சப்ளை கிடையாது. பேட்டரியிலும் இரைச்சல் இருந்தால் அடுத்த சந்தேகம் ராடுயினோ. நானோவும் டிஸ்ப்ளேயும் துடிப்புகளை சப்ளை வயர் வழியாக ஆடியோவுக்குள் தள்ளும். ராடுயினோவுக்குப் போகும் 12 வோல்ட் வயரில் 10 ஓம் 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து, ராடுயினோ பக்கம் 470 மைக்ரோஃபாரட்டும் 0.1 மைக்ரோஃபாரட்டும் தரைக்குப் போடுங்கள். 150 மில்லிஆம்பியர் ஓடினால் அந்த ரெசிஸ்டரில் ஒன்றரை வோல்ட் விழும். 5 வோல்ட் ரெகுலேட்டருக்கு மீதி ஏராளம். அதன் சூடும் குறையும் என்பது கூடுதல் லாபம். வால்யூம் கன்ட்ரோலுக்குப் போகும் வயரை ஷீல்டு வயராக மாற்றி, ஷீல்டை போர்டு பக்கம் மட்டும் தரையில் சேருங்கள்.

வேறொரு வகைக் குறையும் உண்டு. ரிசீவ் மங்கலாக இருக்கிறது, பிடிடியை ஒருமுறை அழுத்தி விட்டதும் பளிச்சென்று கேட்கிறது என்றால் அது ரிலே. ரிசீவ் சிக்னல் மைக்ரோவோல்ட் அளவில் இருப்பதால் ரிலே முனையில் படிந்த மெல்லிய ஆக்சைடைத் துளைக்க அதனால் முடியாது. மூடிய ரிலேவைப் பிரித்துத் தேய்ப்பதைவிடப் புதிதாக மாற்றுவது நல்லது. கடலோர ஊர்களில் ஆன்டெனா கனெக்டரும் இதே நோயைப் பெறும். ஆண்டுக்கு ஒருமுறை கான்டாக்ட் கிளீனரால் துடைத்து, வெளியே இருக்கும் இணைப்பை ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள்.

காது வலிப்பதற்குக் காரணம் பிட்எக்ஸ் 40-இல் ஏஜிசி (பலமான சிக்னல் வரும்போது சத்தத்தைத் தானாகக் குறைக்கும் சுற்று) இல்லாததுதான். இந்தக் குறையைத் தீர்ப்பதுதான் இந்த ரிக்கில் செய்யத்தக்க மாற்றங்களிலேயே சிறந்தது என்பது என் கருத்து. அவசரத்துக்கு, ஹெட்ஃபோன் ஜாக்கின் குறுக்கே இரண்டு 1என்4148-ஐ எதிரெதிராக வைத்தால் சத்தம் 0.6 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. காது தப்பும், ஆனால் பலமான பேச்சு கரகரக்கும்.

முறையான வழிக்கு ஒரு 2என்7000 மாஸ்ஃபெட் வேண்டும். வால்யூம் கன்ட்ரோலின் மேல்முனையிலிருந்து ஆடியோவை எடுத்து, ஒரு டிரான்சிஸ்டர் ஸ்டேஜால் பெருக்கி, இரண்டு 1என்4148 கொண்ட வோல்டேஜ் டபுளரால் டிசியாக்கி, அதை 2என்7000-இன் கேட்டுக்குக் கொடுக்க வேண்டும். ஆடியோவை ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுத்தால் வால்யூமைத் திருப்பும்போதெல்லாம் ஏஜிசியும் மாறும், அதனால்தான் மேல்முனை. கேட்டில் 1 மைக்ரோஃபாரட்டும் 470 கிலோஓமும் தரைக்கு வைத்தால் விடுபடும் நேரம் அரை விநாடி அளவில் இருக்கும், பேச்சுக்கு அது பொருந்தும். 2.2 மைக்ரோஃபாரட் போட்டால் ஒரு விநாடி.

டிரெய்னை எங்கே இணைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாஸ்ஃபெட்டுக்குள் ஒரு டையோடு இருக்கிறது. டிரெய்னில் சிக்னல் எதிர்ப்பக்கம் அரை வோல்ட்டைத் தொட்டால் அது கடத்தத் தொடங்கி ஒலியைக் கெடுக்கும். ஆகவே பெருக்கிய ஆடியோவில் இணைக்காதீர்கள். ஆன்டெனா பக்கத்து ரிசீவ் பாதையில், சிக்னல் மில்லிவோல்ட்டுக்கும் கீழே இருக்கும் இடத்தில், 0.1 மைக்ரோஃபாரட் வழியாகத் தரைக்கு இழுக்கும்படி வையுங்கள். அப்போது முன்பக்க ஸ்டேஜ்களும் பலமான சிக்னலில் மூச்சுத்திணறாது. டிரான்ஸ்மிட் செய்யும்போது ஆர்எஃப் அங்கே வராதபடி ரிலேக்குப் பின்னால், ரிசீவ் பக்கம் மட்டும் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அலைவரிசை காட்டுவது தவறாக இருந்தால் எஸ்ஐ 5351-இன் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு ஏற்ப நிரலில் திருத்தம் போட வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் 10 மெகாஹெர்ட்ஸில் சீனாவின் பிபிஎம் நேர நிலையம் கேட்கும். எஸ்ஐ 5351-ஐ 10 மெகாஹெர்ட்ஸ் கொடுக்கச் சொல்லி, அருகில் இன்னொரு ஷார்ட்வேவ் ரிசீவரில் இரண்டும் மோதும் ஒலி நின்றுபோகும்வரை திருத்த எண்ணை மாற்றுங்கள். நானோவில் நிரல் ஏற்ற முடியாமல் பிழை வந்தால், ஆர்டுயினோ மென்பொருளில் ப்ராசஸர் தேர்வில் ஏடிமெகா 328பி-யின் ‘ஓல்டு பூட்லோடர்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். மலிவான நானோக்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

நிரலைத் திறந்த கையோடு மேல் எல்லையையும் பாருங்கள். ஆரம்பகால ராடுயினோ நிரல் 7.2 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியும் போகும், நமக்கு அனுமதி 7.000 முதல் 7.200 வரை மட்டுமே. டியூனிங் பாட் (அலைவரிசையை மாற்றத் திருப்பும் மாறு ரெசிஸ்டர்) தேய்ந்து எண் ஆடினால் நடுக்காலிலிருந்து தரைக்கு 0.1 மைக்ரோஃபாரட். பாட்டின் மொத்தத் திருப்பத்தை நானோ 1024 படிகளாகத்தான் படிக்கிறது. 200 கிலோஹெர்ட்ஸை அதில் விரித்தால் ஒரு படி 195 ஹெர்ட்ஸ், எஸ்எஸ்பிக்கு அது மிகக் கரடு. 50 கிலோஹெர்ட்ஸ் வீச்சும் நல்ல பத்துச் சுற்று பாட்டும் வைத்தால் ஒரு படி 49 ஹெர்ட்ஸ்.

இவ்வளவும் முடிந்த பிறகும் பவர் வேண்டும் என்றால், இப்போது 24 வோல்ட்டைப் பேசலாம். அது பவர் ஆம்ப்ளிஃபயர் கனெக்டருக்கு மட்டும். மெயின் சப்ளைக்குப் போனால் ரெகுலேட்டரும் ரிலேயும் எலக்ட்ரோலிட்டிக்குகளும் ஒரே நேரத்தில் போகும். ஆகவே இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாத வேறுவேறு கனெக்டர் போடுங்கள். 12-லிருந்து நேராகத் தாவாமல் 15, 19 என்று ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பயஸை மறுபடி 100 மில்லிஆம்பியருக்குச் சரிசெய்யுங்கள். லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் கைவசம் இருக்கும், ஆனால் இந்த வயர் ரிசீவிலும் இணைந்தே இருப்பதால் அதன் இரைச்சல் உள்ளே வரும். பிடிடியுடன் மட்டும் இணையும் ஒரு ரிலே வழியாகக் கொடுங்கள். ஹீட்சிங்கைப் பெரிதாக்குங்கள்.

ஆன்டெனாவின் எஸ்டபிள்யூஆரை (அது ரிக்குடன் எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 2-க்குள் கொண்டுவராமல் இதைத் தொடாதீர்கள். 12 வோல்ட்டில் ஓரளவு பொருந்தாத ஆன்டெனாவை ஐஆர்எஃப் 510 பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் அதன் வரம்பு 100 வோல்ட். 24 வோல்ட்டில் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோலின் மொத்த நீளம் 143-ஐ 7.1-ஆல் வகுத்தது, அதாவது 20.1 மீட்டர், ஒரு கைக்குப் பத்து மீட்டர். தலைகீழ் வி வடிவில் கட்டினால் கொஞ்சம் நீளமாக விட்டு, அளந்து வெட்டுங்கள்.

பவரை ஏற்றிய பிறகு ஹார்மோனிக்கை (சிக்னலின் மடங்கு அலைவரிசைகளில் கசிவது) அளக்காமல் ஆன்டெனாவை மாட்டிப் பேசக் கூடாது. 14.2 மெகாஹெர்ட்ஸில் உங்கள் சிக்னலின் இரட்டிப்பு பக்கத்து ஹாமின் பேண்டில் விழும். அமெரிக்க விதி 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இவை மூல சிக்னலைவிட 43 டெசிபெல் கீழே இருக்க வேண்டும் என்கிறது, அது நமக்கும் நல்ல அளவுகோல். டைனிஎஸ்ஏ போன்ற சிறு ஸ்பெக்ட்ரம் அனலைசர் போதும், ஆனால் நேராக மாட்டினால் அது எரிந்துபோகும். டம்மி லோடின் சூடான முனையிலிருந்து 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக அதன் 50 ஓம் உள்ளீட்டுக்குக் கொடுத்தால் ஏறத்தாழ 40 டெசிபெல் குறைப்பு கிடைக்கும். 20 வாட்டில் அனலைசருக்கு வருவது 3 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) அளவு, அதன் 10 டிபிஎம் வரம்புக்குள்.

43 டெசிபெல் வராவிட்டால் மைக் கெய்னைக் குறைத்துப் பாருங்கள். ஹார்மோனிக் சட்டென்று இறங்கினால் நீங்கள் ஆம்ப்ளிஃபயரை அதன் அளவுக்கு மேல் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். இறங்காவிட்டால் போர்டின் லோ பாஸ் ஃபில்டருக்குப் பின்னால், தனி உலோகப் பெட்டியில் 7 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர் இன்னொன்று வைத்து மறுபடி அளங்கள். 24 வோல்ட்டே வேண்டாம், 12 வோல்ட்டிலேயே நம்பகமாக ஓட வேண்டும் என்பவர்களுக்கு மிட்சுபிஷியின் ஆர்டி16எச்எச்எஃப்1 நல்ல மாற்று. அது ஆர்எஃப்புக்கென்றே செய்தது, முதுகுத் தகடு சோர்ஸ் என்பதால் ஹீட்சிங்கில் நேராக முடுக்கலாம், மைக்கா தேவையில்லை. ஆனால் கால் வரிசை கேட், சோர்ஸ், டிரெய்ன். ஐஆர்எஃப் 510-இல் கேட், டிரெய்ன், சோர்ஸ். இரண்டு கால்களை ஸ்லீவ் போட்டுக் குறுக்காக மாற்றித்தான் பொருத்த வேண்டும். அதன் டிரெய்ன் வரம்பு 50 வோல்ட் மட்டுமே, ஆகவே பின்னால் ஒருநாள் 24 வோல்ட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இதைப் போடாதீர்கள்.